ஊர்ப் பள்ளிக்கு கம்ப்யூட்டர் வாங்கித் தந்தால் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வருமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். தாராபுரம் பக்கத்துக் கிராமத்தில் அரசு நடுநிலைப் பள்ளியில் படித்தவர்கள் ஒன்றுசேர்ந்து அந்தப் பள்ளிக்குப் பத்து கம்ப்யூட்டர் வாங்கித் தரப் போகிறீர்கள். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், வகுப்புக்கு முப்பது பேர் சுமார். எந்த சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுத்தால் ஒரு வருஷத்தில் இங்கிலீஷ் பேசுவார்கள் என்பது கேள்வி. ஆனால் கேள்வியின் வாலில் இன்னொரு வரி எழுதியிருக்கிறீர்கள்: திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை, பையர் (வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிறவர்) மெயில் போட்டால் பதில் எழுதிவிடுவேன், போனில் கூப்பிட்டால் கை நடுங்குகிறது, நம்ம பிள்ளைகளுக்காவது இந்த நிலைமை வரக்கூடாது என்று. உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். எழுத்தில் வந்த மொழி காதுக்கும் வாய்க்கும் ஏன் வரவில்லை, அந்தக் குறையை மெஷின் தீர்க்குமா?

நான் ஈரோடு, திருப்பூர் மாவட்ட அரசுப் பள்ளிகளில் பட்டதாரி ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நடுவில் சில காலம் வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்சி வேலையும் பார்த்தேன். கம்ப்யூட்டர் எஞ்சினியர் இல்லை. ஆய்வு செய்தவர்கள் கண்டதைச் சொல்லும்போது அப்படியே சொல்கிறேன், நான் வகுப்பில் பார்த்ததைச் சொல்லும்போது அது என் அனுபவம் மட்டுமே. இரண்டையும் ஒரே எடையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சாஃப்ட்வேர் பெயரை முதலில் கேட்பது, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு என்று பார்க்காமல் எத்தனை எச்.பி. மோட்டார் போடலாம் என்று கேட்கிற மாதிரி. அதனால் பெயர்களைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் கை ஏன் நடுங்குகிறது என்பதில் ஆரம்பிக்கலாம். தமிழ்நாட்டில் 1968 முதல் இருமொழிக் கொள்கை. அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலப் பாடம் உண்டு. ஆக எட்டாவது முடிக்கிற பிள்ளை எட்டு வருஷம் இங்கிலீஷ் படித்திருக்கிறது. ஆனால் அதெல்லாம் கண்ணால் படித்தது. நாற்பது நிமிஷ பீரியடில் முப்பது பிள்ளைகள். வாத்தியார் வாயே திறக்காமல் எல்லோரையும் முறை வைத்துப் பேச விட்டாலும் ஒரு பிள்ளைக்கு ஒன்றேகால் நிமிஷத்துக்குச் சற்றுமேல்தான் வரும். வாத்தியார் பாடம் நடத்தி, நோட்டில் எழுதிப்போட்டு, வருகைப் பதிவும் எடுத்தால் அந்த ஒன்றேகால் நிமிஷமும் போயிற்று. மதிப்பெண் எழுத்துத் தேர்வில் வருகிறது. மனப்பாடம் செய்த கட்டுரைக்கு முழு மார்க் கிடைக்கும்போது எந்தப் பிள்ளை மெனக்கெட்டுப் பேசும்?

காது விஷயம் இன்னும் நுட்பம். தமிழில் ஒரு சொல்லின் எல்லா அசைகளையும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஒரு அசையை அழுத்தி, பக்கத்து அசைகளை விழுங்கிவிடுவார்கள். ‘கம்ஃபர்டபிள்’ என்று நாம் படித்தது அவர்கள் வாயில் ‘கம்ஃப்டபுள்’ ஆகிவிடும். ‘வாட் டூ யூ வான்ட்’ என்ற நாலு சொல் ‘வாட்யவான்ட்’ என்று ஒரே மூச்சில் வரும். நீங்கள் மெயிலில் பார்த்தால் புரிகிற அதே நாலு சொல்தான், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும்போது காது எங்கே வெட்டுவது என்று தெரியாமல் நிற்கிறது. இது அறிவுக் குறைவு இல்லை, இலக்கணக் குறைவும் இல்லை. கேட்டுப் பழகாத குறை. வெளிநாட்டில் போய் இருந்தவர்களுக்குச் சில மாதத்தில் இது சரியாகிவிடுவதைப் பார்க்கிறோம், யாரும் அவர்களுக்குப் புதிதாக இலக்கணம் சொல்லிக் கொடுக்கவில்லை.

இங்கேதான் கம்ப்யூட்டருக்குச் சந்தேகமே இல்லாத ஒரு வேலை இருக்கிறது. ஒரே வாக்கியத்தை இருபது தடவை, அதே குரலில், முகம் சுளிக்காமல் சொல்லும். எந்த வாத்தியாராலும் அது முடியாது. வேகத்தை முக்கால் அளவுக்குக் குறைத்துக் கேட்கலாம், பிறகு முழு வேகத்தில் கேட்கலாம். வி.எல்.சி. என்கிற இலவச பிளேயரிலேயே வேகத்தைக் குறைக்கவும், ஒரு துண்டை மட்டும் திரும்பத் திரும்ப ஓட விடவும் வசதி இருக்கிறது. பிள்ளை தன் குரலையும் பதிவு செய்து இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கலாம். குரலைப் பதிவு செய்கிற ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம், அது போதும். எந்தக் குரலைப் போடுவது என்று சண்டை வரும். லண்டன் உச்சரிப்புதான் வேண்டும் என்று அடம்பிடிக்கத் தேவையில்லை. திருப்பூர் பையர்களில் ஜெர்மனிக்காரர் உண்டு, ஸ்பெயின்காரர் உண்டு, அமெரிக்கர் உண்டு. நாலு விதக் குரலைக் கேட்ட காது எதற்கும் அசையாது. அதில் ஒரு குரல் நம்ம ஊர் டீச்சருடையதாக இருந்தால் இன்னும் நல்லது.

வெட்கத்துக்கும் மெஷின் நல்ல மருந்து என்று என் அனுபவத்தில் சொல்வேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் பெரியவர்களிடம் ‘ங்க’ போடாமல் ஒரு வாக்கியம் முடிக்க மாட்டார்கள். இங்கிலீஷில் அதை எங்கே கொண்டுபோய் ஒட்டுவது? வாத்தியாரைப் பார்த்து வெறும் ‘யூ’ என்று சொல்ல நாக்கு கூசும். ‘எஸ்ங் சார்’, ‘நோங் டீச்சர்’ என்று எங்கள் வகுப்புகளில் தினமும் கேட்கலாம். ஹெட்போனைப் போட்டுக்கொண்டு ஒரு பெட்டியிடம் பேசும்போது இந்தக் கூச்சம் எதுவும் கிடையாது. தப்பாகச் சொன்னால் சிரிக்கப் பக்கத்தில் ஆள் இல்லை.

ஆனால் கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் வைத்தாலே படிப்பு வந்துவிடுமா என்றால், வராது என்பதற்குச் சான்று நிறைய இருக்கிறது. பெரு நாட்டில் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் ஆளுக்கு ஒரு லேப்டாப் என்று கொடுத்துப் பார்த்தார்கள். 319 பள்ளிகளை எடுத்து 15 மாதம் கழித்துச் சோதித்தபோது கணக்கிலும் மொழியிலும் கற்றல் கூடியதற்கு அடையாளமே இல்லை என்று 2012-ல் வெளிவந்த ஆய்வு சொன்னது. நம் மாநிலத்திலும் 2011 முதல் மேல்நிலை மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுத்தோம். அது பல வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர், அந்த வகையில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் லேப்டாப் வந்ததாலேயே இங்கிலீஷ் வந்த பிள்ளையை நான் பார்த்ததில்லை.

எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து அதே மெஷின் கெடுதலும் செய்யும். இது பலருக்குத் தெரியாது. குஜராத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தின் பள்ளிகளில் கணக்குப் பாடத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் திட்டம் நடந்தது. ஆசிரியர் பாடம் நடத்தும் நேரத்தை எடுத்து அதில் கம்ப்யூட்டரை வைத்த இடத்தில் பிள்ளைகள் முன்பைவிடக் குறைவாகக் கற்றார்கள். பள்ளி நேரத்துக்கு வெளியே கூடுதலாக வைத்த இடத்தில் முன்னேறினார்கள். லீ லிண்டன் என்ற பொருளாதார ஆய்வாளர் 2008-ல் எழுதியது. கணக்குக்குச் சொன்னது இங்கிலீஷுக்கு அப்படியே பொருந்தும் என்று சத்தியம் செய்ய முடியாது. இருந்தாலும் அதே ஆண்டு, அவரும் இன்னும் இருவரும் மகாராஷ்டிராவில் பிரதம் என்ற தொண்டு நிறுவனம் நடத்திய ஆங்கிலத் திட்டத்தைச் சோதித்து எழுதியது நம் விஷயத்துக்கு நேராக வருகிறது. அங்கே ஒரு எளிய கருவி கொடுத்தார்கள். படத்தைக் குச்சியால் தொட்டால் அதன் பெயரை ஆங்கிலத்தில் சொல்லும். இன்னொரு பக்கம் ஆசிரியர் அட்டைகளையும் விளையாட்டுகளையும் வைத்து நடத்தினார். இரண்டுமே பலன் தந்தன. ஆனால் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்குத் தன் வேகத்தில் போக விட்ட மெஷின் கூடுதலாக உதவியது. பின்தங்கிய பிள்ளைகளுக்கோ ஆசிரியர் கூட இருந்து நடத்தியதுதான் அதிகம் உதவியது.

இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. நம் பள்ளிகளில் வழக்கமாக நடப்பது இதற்கு நேர் தலைகீழ்: சுட்டிப் பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைத்துப் பாடம், மக்குப் பிள்ளைகள் என்று முத்திரை குத்தியவர்களை ‘போய் கம்ப்யூட்டரப் பாருங்கடா’ என்று லேபுக்கு.

தானாகவே கற்பார்கள் என்ற வாதமும் உங்கள் குழுவில் யாராவது சொல்வார்கள். சுகதா மித்ரா என்ற கல்வி ஆய்வாளர் 1999-ல் டெல்லி கால்காஜியில் ஒரு சுவரில் துளை போட்டு கம்ப்யூட்டரை வைத்தார், சேரிப் பிள்ளைகள் தாங்களே இயக்கக் கற்றார்கள் என்ற கதை. பொய் இல்லை. அவரே பிறகு தமிழ் பேசும் கடலோரக் கிராமமான காளிகுப்பத்தில் உயிரியல் பாடத்தை ஆங்கிலத்தில் வைத்துவிட்டு வந்தார். ஒன்றுமே தெரியாத நிலையிலிருந்து பிள்ளைகள் முப்பது மார்க் வரை வந்தார்கள். அதற்குமேல் போக, பாடம் தெரியாத ஒரு இளம்பெண்ணை அவர்கள் பின்னால் நிற்கச் சொன்னார். ‘அட, இது எப்படிப் பண்ணின? எனக்குக் காட்டு’ என்று கேட்டுக்கொண்டே இருப்பதுதான் அந்தப் பெண்ணின் வேலை. மார்க் ஐம்பதுக்கு ஏறியது. மித்ராவின் முடிவுகளை எல்லா ஆய்வாளரும் ஒப்புக்கொள்ளவில்லை, பிள்ளைகள் எண்ணிக்கை சிறியது என்ற குறையும் உண்டு. ஆனால் மெஷினைப் பெரிதாகப் பேசியவரின் சோதனையிலேயே பின்னால் நின்ற ஆளுக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது என்பதை நான் மறப்பதில்லை.

இப்போது உங்கள் பள்ளிக்கு வருகிறேன். முப்பது பிள்ளைகளைப் பத்து மெஷின் முன்னால் உட்கார வைத்தால் ஒன்றுக்கு மூன்று பேர். ஒருவன் மவுஸைப் பிடிப்பான், இன்னொருவன் திரையைப் பார்ப்பான், மூன்றாமவன் ஜன்னலைப் பார்ப்பான். மூன்றாமவன் பெரும்பாலும் பெண்பிள்ளையாக இருக்கும், கவனித்துப் பாருங்கள். அதனால் வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். பதினைந்து பேர் லேபில், ஜோடிக்கு ஒரு மெஷின், ஆளுக்கு ஒரு ஹெட்போன். மீதிப் பதினைந்து பேர் வகுப்பறையில் ஆசிரியரோடு. அடுத்த முறை மாற்று. இப்படிச் செய்தால் எட்டு மெஷின் போதும். ஒரு பாதிக்கு வாரம் இரண்டு முறை என்றால் மூன்று வகுப்புக்கும் சேர்த்து வாரம் பன்னிரண்டு பீரியட் லேப் ஓடும். நாளைக்கு எட்டு பீரியட் என்றால் வாரத்தில் நாற்பது இருக்கிறது, இடிக்காது. இதில் ஆசிரியரின் நேரம் வெட்டுப்படவில்லையா என்று கேட்பீர்கள். முப்பது பேருக்குப் பிரித்த நேரத்தைப் பதினைந்து பேருக்குக் கொடுக்கிறார், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் இந்த ஏற்பாட்டின் பெரிய லாபம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த பதினைந்து பேருக்கு இல்லை, வகுப்பறையில் மீந்த பதினைந்து பேருக்குத்தான். அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியருக்கு வாழ்நாளில் கிடைக்காத ஒன்று பதினைந்து பிள்ளைகள் உள்ள வகுப்பு. வட்டமாக உட்கார வைத்து, ‘உங்க வீட்டு மாட்டுக்கு என்ன பேரு, எத்தனை லிட்டர் கறக்குது’ என்று இங்கிலீஷில் கேட்டு, திக்கித் திணறிச் சொல்கிற பதிலைக் காத்திருந்து வாங்கலாம். என்.எஸ். பிரபு என்ற ஆங்கிலக் கல்வி அறிஞர் 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய பரிசோதனையில் இலக்கணத்தை வரிசை வைத்துச் சொல்லித் தரவில்லை. ரயில் அட்டவணையையோ ஊர் வரைபடத்தையோ கொடுத்து, அதில் ஒரு கணக்கை ஆங்கிலத்தில் தீர்க்கச் சொன்னார். மொழி வேலையோடு சேர்ந்து வந்தது. தாராபுரம் பஸ் ஸ்டாண்டு டைம் போர்டை எழுதிக் கொண்டுவந்து ‘ஒன்பது மணிக்கு ஈரோடு போகணும், எந்த பஸ், எங்கே மாறணும்’ என்று கேட்டால் போதும், ஒரு பீரியட் ஓடிவிடும். இது கூட்ட வகுப்பில் முடியாது. கம்ப்யூட்டர் பாதிக் கூட்டத்தை வாங்கிக்கொண்டால்தான் முடியும்.

அப்படியானால் லேபில் இருக்கிற பாதியை யார் பார்ப்பது? இந்த இடத்தில்தான் பெரும்பாலான நன்கொடைத் திட்டங்கள் படுத்துவிடுகின்றன. நடுநிலைப் பள்ளியில் கம்ப்யூட்டருக்கென்று தனி ஆசிரியர் இருப்பது அபூர்வம். ஊரிலேயே பட்டம் படித்துவிட்டு வீட்டில் இருக்கிற பெண்கள் கண்டிப்பாக இருப்பார்கள். 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக மாலை வகுப்பு எடுத்தவர்கள் உங்கள் ஊரிலும் இருந்திருப்பார்கள், விசாரியுங்கள். இங்கிலீஷ் சரளமாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மெஷினைப் போடத் தெரிந்து, ‘நீ இப்ப என்ன கேட்ட, எனக்குச் சொல்லு கண்ணு’ என்று கேட்கத் தெரிந்தால் போதும். அவருக்கு மாதாமாதம் ஒரு தொகை கொடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, தலைமையாசிரியர் மேலிடத்தில் முறையாகத் தெரிவித்துவிட்டுச் செய்யட்டும். பத்து மெஷின் வாங்கும் காசில் இரண்டைக் குறைத்தால் அதில் வரும் பணம் இதற்கு ஒரு நல்ல தொடக்கம்.

சாஃப்ட்வேர். பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும், வாசிப்பு நிலை வாரியாகப் பிரித்திருக்கிறார்கள், இலவசமாக இறக்கி அச்சடிக்கவும் அனுமதி உண்டு. எட்டாவது படிக்கிறான் என்பதற்காகக் கடினமான நிலைக் கதையைக் கொடுக்காதீர்கள். டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்து நடந்த ஆய்வு 2019-ல் வெளிவந்தது. நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். ஆய்வாளர்கள் சொன்ன காரணங்களில் முக்கியமானது, வகுப்பைப் பார்க்காமல் பிள்ளை நிஜமாக எங்கே இருக்கிறது என்று பார்த்து அந்த இடத்திலிருந்து தொடங்கியது. நம் ஏழாம் வகுப்பில் இரண்டாம் வகுப்பு நிலையில் வாசிக்கிற பிள்ளைகள் இருப்பார்கள், அதை மறைப்பதில் பயன் இல்லை. அவர்கள் அங்கிருந்துதான் ஏற வேண்டும்.

வாய்விட்டு வாசிக்க கூகுளின் ரீட் அலாங். 2019-ல் போலோ என்ற பெயரில் இந்தியாவில் வந்தது. பிள்ளை வாசிக்க வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்து, தடுக்கிய சொல்லைச் சொல்லிக் காட்டும். ஒருமுறை இறக்கிவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும் என்பதால் பழைய ஆண்ட்ராய்டு போன்கள் நாலு சேர்த்துக் கொடுத்தால்கூட உபயோகம். நெட் சரியாக வராத ஊர் என்றால் கோலிப்ரி என்ற இலவச ஏற்பாட்டைப் பாருங்கள். பாடங்களை ஒரு மெஷினில் இறக்கி வைத்து, மற்ற மெஷின்கள் கேபிள் வழியாக அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். பாடப் புத்தகத்தில் 2018 முதல் அச்சிடுகிற க்யூ.ஆர். குறிகளுக்குப் பின்னால் இருக்கும் வீடியோக்களையும், 2023-ல் வந்த மணற்கேணி செயலியையும் ஆசிரியர்கள் அறிவார்கள், பாடத்துக்குத் துணையாக வைத்துக்கொள்ளட்டும். கார்ட்டூனோ வேறு வீடியோவோ போட்டால் கீழே ஆங்கில வரிகள் ஓடட்டும். தமிழ் வரிகள் போட்டால் கண் அதைப் படித்துவிடும், காது தூங்கிவிடும். எழுத்துக் கூட்டவே தடுமாறுகிற பிள்ளைக்கு எந்த வரியும் உதவாது, அதற்கு முதலில் கதை அட்டைதான்.

சொற்களைப் பொறுத்தவரை, அடிக்கடி வருகிற சுமார் 2,000 சொல்லை மைக்கேல் வெஸ்ட் 1953-ல் பட்டியலிட்டார். சாதாரண எழுத்தில் எண்பது சதவீதம்போல அந்தச் சொற்களே திரும்பத் திரும்ப வருகின்றன. மனிதர் அதற்குமுன் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தவர், நம்மைப் போன்ற பிள்ளைகளைப் பார்த்தவர். அந்தச் சொற்களை இன்று, நாளை, நாலாம் நாள், பத்தாம் நாள் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே திரும்பக் காட்டினால் நினைவில் நிற்கும். இது நினைவாற்றல் ஆய்வில் உறுதியானது. ஆன்கி என்ற இலவச மென்பொருள் அதற்கென்றே இருக்கிறது. ஆனால் தொடக்கப் பள்ளியில் செயல்வழிக் கற்றல் அட்டைகளை வைத்துப் பாடம் நடத்திய ஆசிரியர்களுக்கு அட்டைப்பெட்டியிலேயே இதைச் செய்யத் தெரியும், கரண்ட் போனாலும் நிற்காது.

இனி சந்தேகமான பக்கம். நட்சத்திரமும் புள்ளியும் கொடுக்கிற ஆப்கள் பிள்ளைகளை உட்கார வைக்கின்றன, அது நிஜம். ஆனால் விடையைத் தட்டித் தட்டி நட்சத்திரம் வாங்குகிற பிள்ளைக்கு அந்தச் சொல்லைச் சொல்ல வருகிறதா என்று கேட்டால் பெரும்பாலும் வராது. கோடிட்ட இடத்தை நிரப்பு வகை இலக்கணப் பயிற்சிகள் 1960-ல் அமெரிக்காவில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பிளேட்டோ என்ற கம்ப்யூட்டர் பாடத் திட்டத்தின் காலத்திலிருந்தே கம்ப்யூட்டரில் இருக்கின்றன. தேர்வுக்கு உதவும். ஆனால் பேச்சுக்கு நேரடியாக உதவும் என்று நான் நம்பவில்லை. உச்சரிப்புக்கு மார்க் போடுகிற மென்பொருள்கள் குழந்தைக் குரலிலும் நம் உச்சரிப்பிலும் தடுமாறுகின்றன. சரியாகச் சொன்ன பிள்ளைக்குத் தப்பு என்று சிவப்பு விளக்கு எரிந்தால் அந்தப் பிள்ளை அடுத்து வாயே திறக்காது. அதை மார்க்காக எடுக்காமல் விளையாட்டாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஏ.ஐ.யோடு ஆங்கிலத்தில் உரையாடுவது பற்றியும் கேட்பார்கள். சலிக்காமல் பேசும், பிள்ளையின் நிலைக்கு இறங்கியும் பேசும். வளர்ந்தவர்களுக்கு, உங்களுக்கேகூட, தாராளமாகப் பரிந்துரைப்பேன். பதினொரு பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைத் தனியாக அதன்முன் விடுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். பெரியவர் பக்கத்தில் இருந்தால் எட்டாம் வகுப்புக்குச் சோதித்துப் பார்க்கலாம்.

வாய்க்கு மெஷினைவிட நல்லது உங்களிடமே இருக்கிறது. வெளியூரில் வேலை பார்க்கிற முன்னாள் மாணவர்கள் பதினைந்து பேர் சேர்ந்தால் முறை வைத்து வாரம் ஒருவர் லேபுக்கு வீடியோ கால் போடலாம். கால் மணி நேரம், இங்கிலீஷில் மட்டும். கேள்விகளைப் பிள்ளைகள் முன்கூட்டியே தயார் செய்யட்டும்: உங்க கம்பெனியில் என்ன தைக்கிறீர்கள், சாயப் பட்டறை ஏன் நாறுகிறது, பையர் திட்டுவாரா. சரளமாகப் பேசுகிறவர்தான் வேண்டும் என்று தேடாதீர்கள். தடுமாறிப் பேசியும் வேலையை முடித்துக்கொள்கிற அண்ணனைப் பார்ப்பது பிள்ளைக்குத் தைரியம் தரும்.

வாங்குவதற்கு முன் சில வேலை. சில ஆண்டுகளாக அரசே பள்ளிகளில் ஹைடெக் லேப் அமைத்து வருகிறது, நடுநிலைப் பள்ளிகளுக்கும் வந்துகொண்டிருக்கிறது. உங்கள் பள்ளிக்கு வந்துவிட்டதா, வரிசையில் இருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். வந்துவிட்டிருந்தால் உங்கள் பணம் முழுவதும் ஹெட்போனுக்கும் ஆளுக்கும் போகட்டும். நன்கொடையை 2022-ல் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ என்ற அரசுத் திட்டத்தின் வழியாகக் கொடுத்தால் கணக்கு வழக்கு சுத்தமாக இருக்கும். மைக் உள்ள ஹெட்போன்களைத் தேவையைவிடக் கால் பங்கு அதிகமாக வாங்குங்கள், முதலில் போவது அதுதான். யு.பி.எஸ். பேட்டரி இரண்டு மூன்று வருஷத்தில் சாகும், அதற்குப் பணம் ஒதுக்கி வையுங்கள். தோட்டத்து மோட்டார் ஓடுகிற லைனில் வோல்டேஜ் ஏறி இறங்கும், ஸ்டெபிலைசர் இல்லாமல் எதையும் சொருக வேண்டாம். வயரைத் தரையில் விட்டால் எலி பார்த்துக்கொள்ளும்.

பூட்டு இன்னொரு விஷயம். கெட்டுப்போனால் ஆடிட்டில் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் உறை மாட்டிப் பூட்டி வைத்த லேப்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன், இருப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ரிப்பேர் செலவு எங்களுடையது, உபயோகித்துத் தேய்ந்தால் எங்களுக்குச் சந்தோஷம் என்று உங்கள் குழு எழுத்தில் கொடுத்துவிடுங்கள். சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும்.

ஒரு வருஷத்தில் பேசுவார்களா என்று கேட்டீர்கள். வாரம் இரண்டு லேப் பீரியடும் இரண்டு சிறு வகுப்பும் ஒழுங்காக நடந்தால், ஒரு வருஷ முடிவில் தெரிந்த விஷயத்தைப் பற்றி நாலைந்து வாக்கியம் தயங்காமல் சொல்வார்கள், மெதுவாகப் பேசினால் புரிந்துகொள்வார்கள் என்று எதிர்பார்க்கலாம். அதற்குமேல் வாக்குறுதி கொடுக்கிற விற்பனையாளரை நம்பாதீர்கள். ஆரம்பிக்கும் முன் ஜூன் மாதத்திலேயே ஒவ்வொரு பிள்ளையையும் இதுவரை பார்க்காத ஒரு பத்தியை ஒரு நிமிஷம் வாசிக்க வைத்து, மூன்று எளிய கேள்வி கேட்டு, போனில் பதிவு செய்து வையுங்கள். சரியாக வாசித்த சொல் எத்தனை என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் பருவம் முடிந்து அக்டோபரில் அதேபோல் இன்னொரு பத்தி. எண்ணிக்கை அசையவில்லை என்றால் உடனே வேறு சாஃப்ட்வேர் தேடிக் கிளம்ப வேண்டாம். லேப் பதிவேட்டை எடுத்து, வாரத்துக்குப் பன்னிரண்டு பீரியடில் எத்தனை நிஜமாக நடந்தது என்று முதலில் பாருங்கள்.